ஓடும் கப்பலில் கை தூக்கப் போகிறவனுக்கு

அன்புள்ள மகன் ஸ்டீபனுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உனக்கு அப்போது மூன்று வயது. காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரி வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒரு லாரிக்கு ரிவர்ஸ் பார்த்தாய். "வா வா வா, ஓல்டான்!" என்று நீ கத்தினதும் டிரைவர் உண்மையிலேயே பிரேக் போட்டான். உன் அம்மா ஓடி வந்து முதுகில் இரண்டு வைத்தாள். நான்தான் குறுக்கே விழுந்து, "அடிக்காதடி, இவன் ஒருநாள் இதவிடப் பெரிய வண்டிக்குக் கை காட்டுவான், பாத்துகினே இரு" என்றேன். சுற்றி நின்ற முப்பது பேரும் சிரித்தார்கள். அந்த முப்பது பேர் வீட்டிலும் இன்றைக்கு ஒரு பிள்ளையாவது உருப்பட்டிருக்கிறதா? இல்லை. அதையும் நான் அன்றைக்கே சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை.

இன்றைக்கு நீ, கடலுக்குள் இருக்கிற எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் கொண்டுபோகிற பெரிய கப்பலில், ஹெலிகாப்டர் இறங்கும் தளத்துக்குப் பொறுப்பாளன். வருகிற வியாழக்கிழமை முதல் ஹெலிகாப்டர் உன் கையைப் பார்த்து இறங்கப் போகிறது. இதை உனக்கு மட்டும் தனியாக எழுதினால் போதாது. நம் தெருவுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஒரு நகல் எடுத்து எதிர்வீட்டு மளிகைக்கடை அண்ணாச்சியின் கடைச் சுவரில், புளி விலைப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டப் போகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நான் விட்டுவிட்டேன் என்று பேசிக்கொள்கிறவர்கள் என் கையெழுத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். பள்ளிக்கூடத்தை நான் விடவில்லை, அங்கே எனக்குச் சொல்லிக் கொடுக்க அவர்களிடம் சரக்கு தீர்ந்துவிட்டது.

உன் வேலை என்னவென்று இந்த ராயபுரத்தில் ஒருத்தனுக்கும் புரியவில்லை. அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் வெல்லம் நிறுத்துக்கொண்டே, "இதுல என்னவே பெரிய வித்தை? ஹெலிகாப்டருதான் நின்ன எடத்துல நிக்கும்லா? காக்கா செவத்துல உக்காருத மாதிரி பைய உக்காந்துட்டுப் போவுது" என்றார். எனக்கு வந்த கோபத்தில் தராசைப் பிடுங்கி எறிந்திருப்பேன். "அண்ணாச்சி, உன் செவுரு ஓடுமா?" என்று கேட்டேன். "செவுரு எங்கவே ஓடும்?" என்றார். "கப்பலு ஓடும். ஓடிகினே இந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் சாயும், மூக்கத் தூக்கும், பின்னாடி குந்தும். நீ இன்னா பண்ணு, எண்ணூர் ரோட்ல ஒரு கண்டெய்னர் லாரி போவும்போது, பள்ளத்துல வுழுந்து எந்திரிக்கும்போது, அதும்மேல ஒரு கொடம் தண்ணிய தளும்பாம வையி. அப்பால வந்து காக்கா கதை சொல்லு" என்றேன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து நாற்பது வருடமாகக் கடலுக்கு அரை மைலில் கடை வைத்திருக்கிறார். உப்பு விற்பதைத் தவிர கடலோடு அவருக்கு ஒரு சம்பந்தமும் கிடையாது.

ஹெலிகாப்டரையும் நான் பெரிதாக மதிப்பதில்லை. தலையில் ஃபேன் மாட்டின ஷேர் ஆட்டோ அது, அவ்வளவுதான். நிலத்தில் இறங்குவதற்கு அதற்குத் திறமை ஒன்றும் தேவையில்லை, மைதானம் எங்கும் ஓடிப்போகாது. கப்பலில்தான் அதன் வண்டவாளம் தெரியும். முதலில் கப்பல் போகிற வேகத்துக்கே பக்கத்தில் பறந்து வர வேண்டும். பிறகு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து தளத்துக்கு மேலே வந்து நிற்க வேண்டும். அங்கே நிற்கும்போது கீழே தளம் ஏறி ஏறி இறங்குகிறது. தளம் தாழ்கிறது என்று நம்பி பைலட் கீழே போனால், அது பாதியில் திரும்பி இவனை நோக்கி ஏறி வரும். அப்போது நடப்பது இறங்குவது இல்லை, மோதுவது. ஆட்டம் கொஞ்சம் அடங்குகிற ஒரு நொடி வரும், அதில்தான் வைக்க வேண்டும். அந்த நொடி வந்துவிட்டது என்று ரேடியோவில் சொல்லிக் கையையும் காட்டுகிறவன் நீ. மேலே உட்கார்ந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெயர் வாங்குகிறவன் வேறு ஆள். அது எந்தத் தொழிலிலும் அப்படித்தான்.

உனக்கு ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்களாம், சர்டிபிகேட் கொடுத்தார்களாம். பயிற்சி எங்கே? நகராத ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், மஞ்சள் வட்டம் வரைந்து வைத்து! சொல்லிக் கொடுத்தவர் படகிலாவது ஏறியிருப்பாரா என்று கேட்டதற்கு நீ சிரித்தாய். அப்புறம் அந்தப் பெட்டி. கப்பல் எத்தனை அடி ஏறுகிறது, எத்தனை டிகிரி சாய்கிறது என்று நம்பராகக் காட்டுகிற பெட்டி ஒன்று தளத்துப் பக்கத்து அறையில் இருக்கிறதென்று, பயிற்சியில் கொடுத்த போட்டோவை அனுப்பியிருந்தாய். நான் அதை அண்ணாச்சிக்கும் காட்டி, "பாருங்கய்யா, கடலு ஆடுதான்னு தெரிய கண்ணு பத்தாதாம், டிவி வோணுமாம்" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நீ ஞாபகம் வைத்துக்கொள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

இப்போது தெருவுக்குத் தெரியாத ஒரு சங்கதி இல்லை, தெருவுக்கே மனப்பாடமான சங்கதி. உனக்கும் மனப்பாடம். ஆனாலும் இத்தனை வருடமும் நீ என் வாயால் கேட்டபடியே, ஒரு எழுத்து மாற்றாமல் இன்னொரு தடவை எழுதுகிறேன். நீ பிறக்க மூன்று மாதம் இருந்தது. நான் அப்போது ஒரு கப்பல் ஏஜெண்டின் லாஞ்ச் படகில் லஸ்கர், கயிறு பிடிக்கிற ஆள். வெளிக்கடலில் இருக்கும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, ஆட்டுக்கறி எல்லாம் கொண்டுபோய் ஏற்றுவது எங்கள் வேலை. கப்பலின் பக்கத்தில் நூலேணி தொங்கும். லாஞ்சை அலை தூக்கும், உச்சியில் ஒரு மூச்சு நேரம் நிறுத்தும். அந்த மூச்சுக்குள் ஒருவன் தாவி ஏணியைப் பிடித்து மேலே போய்க் கயிறு போட வேண்டும். அலை இறங்கும்போது தாவினால் ஏணி மேலே போய்விடும், கால் லாஞ்சுக்கும் கப்பலுக்கும் நடுவில் போகும். தாவுகிறவன் ஏணியைப் பார்த்து நிற்பான், அவனால் கடலைப் பார்க்க முடியாது. அதனால் லாஞ்சின் மூக்கில் ஒரு லஸ்கர் நின்று அலையைப் பார்ப்பான். நேரம் வந்ததும் துண்டைத் தலைக்கு மேலே தூக்குவான். துண்டு ஏறினால் தாவு. எங்கள் லாஞ்சில் துண்டு என்னுடையது, சிவப்புத் துண்டு. தாவுகிறவன் உன் லூர்து மாமா, உன் அம்மாவின் தம்பி. அன்றைக்கு இருபத்திரண்டு வயது, கழுத்தில் கர்ச்சீப்பு, நடையில் ஒரு திமிரு.

எண்ணூருக்கு நேரே, கப்பல் மெதுவாக ஓடிக்கொண்டே எங்களை அணைத்துக்கொண்டது. கடல் மாதா கோயில் கோபுர உயரத்துக்கு எழுந்து நின்றது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனால் நின்றது. அந்த நேரம் பார்த்து மேலே ஒரு ஹெலிகாப்டர். கப்பலின் பின்பக்கத் தளத்தில் யாரோ இஞ்சினியரை இறக்க வந்திருந்தது. மூன்று தடவை இறங்கப் பார்த்து மூன்று தடவையும் பயந்து ஓடியது. நான் அலையை எண்ணினேன். கடல் ஏழு பெரிய அலை அடித்துவிட்டு ஒரு மூச்சு வாங்கும், இது கடலோடு பேசிப் பழகினவனுக்குத்தான் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது அலையில் லூர்து அவசரப்பட்டுத் தானாகவே தாவினான். கணுக்கால் நொறுங்கியது. நான் கலங்காமல் ஏழாவதையும் எண்ணி முடித்துத் துண்டைத் தூக்கினேன். அதைப் பார்த்துத்தான் ஹெலிகாப்டர் பூ மாதிரி உட்கார்ந்தது. பைலட் கதவைத் திறந்து எனக்கு ஒரு சல்யூட் அடித்தான்.

இதுதான் கதை. ஞானஸ்நானம், கல்யாணம், கருமாதி, எங்கே நாலு பேர் உட்கார்ந்தாலும் இதைச் சொல்லியிருக்கிறேன். லூர்துக்கு 'ஆறு' என்று பெயர் வைத்ததும் நான்தான். அவன் காலை இழுத்துக்கொண்டு தண்டையார்பேட்டை குடோனுக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போகும்போது அண்ணாச்சி கடையிலிருந்து, "இன்னாபா ஆறு, இன்னிக்கும் அவசரமா?" என்று கத்துவேன். குழந்தைகள் அவனை ஆறு மாமா என்று கூப்பிட்டன. நீ முதல் வகுப்பில் இருந்தபோது திருவொற்றியூர் கருங்கல் கரையில் உன்னை உட்கார வைத்து அலை எண்ணச் சொல்லிக் கொடுத்தேன். நீ ஆறில் நிறுத்திவிட்டால், பக்கத்தில் நொண்டிக் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அவனைக் காட்டி, "பாத்தியா, ஆறுல நிறுத்துனா இப்டித்தான் ஆவே" என்பேன். அவன் கடலைப் பார்த்து பீடி குடித்துக்கொண்டிருப்பான். அவனுக்கு ரோஷம் கிடையாது என்றுதான் இத்தனை வருடமும் அவனைக் கேவலமாக நினைத்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, நீ கப்பலுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அம்மா போட்ட சாப்பாடு உனக்கு ஞாபகம் இருக்கும். வஞ்சிரம் வறுத்திருந்தாள். நீ என் தட்டில் ஒரு துண்டு வைத்துவிட்டு, "நைனா, அந்தப் பொட்டிலாம் சும்மா. அது நம்பரு காட்டும், காட்டட்டும். கடைசில நான் உன் ஏயத்தான் எண்ணப் போறேன். ஏயாவது அலை தாண்டுனதும் கையத் தூக்கிருவேன்" என்றாய். எனக்கு நெஞ்சு விரிந்து சட்டை பொத்தான் தெறிக்கப் பார்த்தது. பாதிச் சாப்பாட்டில் லூர்து எழுந்து கை கழுவிவிட்டுப் போனதை நீ கவனித்தாயோ இல்லையோ. உன் அம்மா, "காரம் சாஸ்தியா லூர்து?" என்று கேட்டாள். நான், "ஆறு, சோத்துலயும் அவசரமா?" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள்.

நீ போன மறுநாள் காலை நான் வாசல் குழாயில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது வந்தான். உள்ளே வரவில்லை, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மச்சான், புள்ளைக்கு போன் போட்டு அத்த சொல்லிடு."

"எத்த?"

"ஏயு இல்லன்னு."

"காலங்காத்தால இன்னாடா பேஜாரு? ஏயு இல்லாட்டி பின்ன இன்னா, ஒம்போதா?"

அவன் சிரிக்கவில்லை. "இருவத்தேயு வருசமா என்னை ஆறுன்னு கூப்ட்டுகினு கீற. ஒரு வார்த்த கேட்டேனா? அன்னிக்கு ஆஸ்பத்திரில அக்கா வயித்தப் புடிச்சிகினு நின்னுச்சு. உம்மேல தப்புன்னு தெரிஞ்சா அது உங்கூட வாய்ந்திருக்காது. அதான் வாயத் தொறக்கல. எங்காலுதானே, போனா போவுதுன்னு வுட்டேன். இப்ப ஸ்டீபன் ஏயு எண்ணிட்டுக் கையத் தூக்குனா, மேல கீறவன் எறங்குவான். அவன் உனக்கு மச்சானா? யாரு பெத்த புள்ளையோ. அவன் எதுக்குய்யா உனக்காவ கால ஒடைச்சிக்கணும்?"

"டேய், மெதுவா பேசு, உங்கக்கா உள்ள கீது."

"கேக்கட்டும்" என்றான். "வியாயக்கியமைக்குள்ள நீ சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா நல்லா இருக்காது." காலை இழுத்துக்கொண்டு குடோனுக்குப் போய்விட்டான். வாட்ச்மேன் பயல், எனக்குக் கெடு வைக்கிறான் என்று அன்றைக்கு முழுவதும் திட்டிக்கொண்டிருந்தேன்.

உனக்கு நான்கு தடவை போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? முதல் தடவை, வஞ்சிரம் எப்படி இருந்தது என்று கேட்டேன். இரண்டாவது தடவை, உன் கேப்டனிடம் என்னைப் பற்றிச் சொன்னாயா என்று கேட்டேன். நீ சொல்லிவிட்டதாகவும், அவர் ஆச்சரியப்பட்டு உன் கூட இருக்கிற மற்றப் பசங்களுக்கும் அந்த ஏழு கணக்கைச் சொல்லிக் கொடுக்கச் சொன்னதாகவும் சொன்னாய். மூன்றாவது தடவை நான் சொல்ல வந்தது தொண்டை வரைக்கும் வந்தது. வாய் திறந்ததும், ஏழாவது அலைக்குப் பிறகு கடல் என்ன நிறமாக மாறும் என்று புதிதாக ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட்டேன். நீ எழுதி வைத்துக்கொள்வதாகச் சொன்னாய். நான்காவது தடவை நீ எடுக்கவில்லை, எனக்கும் நிம்மதியாக இருந்தது. என் வாயை நம்பினால் காரியம் ஆகாது என்று அப்போதுதான் தெரிந்தது. அதனால் பேனா. இந்தக் காகிதத்தைப் பக்கத்து வீட்டுப் பெண் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பும். அண்ணாச்சி கடையில் சொன்னது அண்ணாச்சி கடையிலேயே கிழிபடட்டும் என்றுதான் சுவரில் ஒட்டுகிறேன். உன் அம்மாவுக்கு நானே உட்கார வைத்துப் படித்துக் காட்டுவேன். அவள் என்ன செய்தாலும் சரி.

நடந்தது இது. லூர்து ஏணியைப் பார்த்து நின்றான், ஓரக்கண்ணால் என் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மூக்கில் நின்றேன். ஹெலிகாப்டர் தளத்துக்கு மேலே வந்து தொங்கியது. அதுவரைக்கும் நான் ஹெலிகாப்டரை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. கப்பல் மேலே நின்ற வெள்ளைக்கார மாலுமிகள் எல்லாம் எங்களைப் பார்க்கிறார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. அது இறங்குகிற நேரத்தில், நான்தான் அதை இறக்குகிற மாதிரி, விளையாட்டாகத் துண்டைத் தலைக்கு மேலே தூக்கினேன். லூர்து பார்த்தது அந்தத் துண்டைத்தான். துண்டு ஏறினால் தாவு. அவன் ஒரு கேள்வி கேட்காமல் தாவினான். எங்கள் லாஞ்ச் அப்போது அலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவன் அவசரப்படவில்லை, ஸ்டீபன். எங்கள் லாஞ்சிலேயே அவன் ஒருவன்தான் அன்றைக்கு ஒழுங்காக வேலை செய்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அம்மா, "எப்டி ஆச்சு?" என்று என் சட்டையைப் பிடித்தபோதுதான் ஆறு, ஏழு எல்லாம் என் வாயில் முளைத்தது. ஏன் ஏழு என்று கேட்காதே. வாயில் அதுதான் வந்தது.

ஆகவே வியாழக்கிழமை அந்தப் பெட்டியைப் பார். நான் கேலி செய்த பெட்டிதான். அதற்கு என்னைவிடப் புத்தி அதிகம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அதற்குப் பார்க்கிறவர்கள் முன்னால் பெருமை அடித்துக்கொள்ளத் தெரியாது, அது போதும். பெட்டி சொல்கிறவரை கை கீழேயே இருக்கட்டும். சந்தேகமாக இருந்தால் ஹெலிகாப்டர் சுற்றிக்கொண்டு இருக்கட்டும், இல்லையென்றால் வந்த வழியே திரும்பிப் போகட்டும், அவர்கள் திட்டினால் திட்டட்டும். தலையைச் சொறியக்கூட அந்தத் தளத்தில் கையைத் தூக்காதே. உன் கையைப் பார்த்துக்கொண்டு ஒருவன் இருக்கிறான், நீ விளையாடுகிறாய் என்று அவனுக்குத் தெரியாது. உன் கேப்டனிடமும் அந்தப் பசங்களிடமும் உன் அப்பன் ஒரு புளுகன் என்று சொல்லிவிடு. கூச்சப்படாதே. எனக்கு இல்லாத கூச்சம் உனக்கு எதற்கு?

லூர்துவை இனிமேல் ஆறு என்று யாராவது கூப்பிட்டால் நான் அண்ணாச்சியின் தராசை உண்மையிலேயே பிடுங்கி எறிவேன், இதை அண்ணாச்சியும் படித்துக்கொள்ளட்டும். மற்றபடி நான் சொன்னதில் எதையும் திரும்ப வாங்கவில்லை. துண்டு சிவப்புத்தான். கடல் கோபுர உயரம் எழுந்தது சத்தியம். பைலட் சல்யூட் அடித்ததும் சத்தியம், யாருக்கு அடித்தான் என்று மட்டும் தெரியாது. ஏழு ஒன்றுதான் இல்லை. ஏழும் இல்லை, ஆறும் இல்லை, ஒன்றுகூட நான் எண்ணவில்லை. அன்றைக்கு நான் கடலையே பார்க்கவில்லை, மகனே. மேலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் நைனா